பத்து நிமிஷம் என்று சொன்னவர்

அஷ்ரஃப் வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பாலக்காட்டைச் சுற்றி ஓடும் ரயில்களில் ஒரு பகுதியை அந்த அறையிலிருந்துதான் அவர் நடத்தினார். எதிரே கணினித் திரை, காதில் ஹெட்போன், கையருகே ஒரு ரிஜிஸ்தர். ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் வண்டி வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் சொல்வார்கள். எந்த வண்டி போகட்டும், எது நிற்கட்டும் என்று இவர் சொல்வார். ரயில்வேயில் இந்த வேலைக்கு செக்‌ஷன் கண்ட்ரோலர் என்று பெயர். பதினான்கு வருடம் அதைப் பார்த்தும், தன் உத்தரவில் ஓடிய வண்டிகளில் நூற்றில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை.

சொந்த ஊர் புதுநகரம். அத்தா மொய்து அங்கே மீன் கடை வைத்திருந்தார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், வேலையில் ரயில்வே இங்கிலீஷ் என்று வளர்ந்தவர் அஷ்ரஃப். முதலில் கூட்ஸ் கார்டாகச் சேர்ந்தார். கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து, பெயர் தெரியாத ஸ்டேஷன்களில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தார். பிறகு பரீட்சை எழுதிக் கண்ட்ரோலரானார்.

கூட்ஸ் வண்டிக்கு அட்டவணையில் இடமில்லை. பயணிகள் வண்டிக்குப் பெயர் உண்டு, எண் உண்டு, இத்தனை மணிக்கு இங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. கூட்ஸ் என்றைக்குச் சரக்கு ஏறுகிறதோ அன்றைக்குப் பிறக்கும். இழுக்கும் என்ஜினின் எண், உள்ளே இருக்கும் சரக்கு, போய்ச் சேர வேண்டிய ஊர், இந்த மூன்றையும் சேர்த்து அதற்கு ஒரு அடையாளம் போடுவார்கள். சரக்கு இறங்கியதும் அந்த அடையாளமும் போய்விடும். வரிசையிலும் அது கடைசிதான். விபத்து நடந்த இடத்துக்கு விரையும் மீட்பு வண்டிக்கு எல்லோரும் வழிவிட வேண்டும். அதற்கடுத்து எக்ஸ்பிரஸ், அப்புறம் பாசஞ்சர், மிச்சமிருக்கும் நேரத்தில் கூட்ஸ். கூட்ஸுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. பெட்ரோலும் அரிசியும் முந்தும். டிரைவரின் வேலை நேரம் முடியப் போகிறது என்றால் அந்த வண்டியை நகர்த்துவார்கள். காலி வேகன்கள் நாள் முழுக்கக் கிடந்தாலும் கேட்க ஆளிருக்காது.

இதையெல்லாம் அஷ்ரஃப் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தெரியாமல் செய்த தப்பாக இருந்தால் அவருக்கு இத்தனை பாரம் இருந்திருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன், ஜூலை மாதத்துச் சனிக்கிழமை அது. காலையிலிருந்தே மழை. அஷ்ரஃபுக்கு எட்டு மணி முதல் இரண்டு மணி வரை வேலை. பொள்ளாச்சிப் பக்கம் போகும் ஒற்றைப் பாதை அன்று அவர் கையில் இருந்தது. ஒரே தண்டவாளம். எதிரெதிரே வரும் வண்டிகள் ஏதாவது ஸ்டேஷனில்தான் விலகிக்கொள்ள முடியும். ஒன்று நின்றால்தான் மற்றது போகும்.

பதினொன்றரை மணி வாக்கில் உரம் ஏற்றிய கூட்ஸ் ஒன்று பாலக்காட்டைத் தாண்டி முதல் ஸ்டேஷனில் நின்றது. நாற்பத்திரண்டு வேகன். எதிரே பொள்ளாச்சியிலிருந்து பாசஞ்சர் வந்துகொண்டிருந்தது. முறைப்படி கூட்ஸ் அங்கேயே நிற்க வேண்டும், பாசஞ்சர் வந்து கடந்த பிறகு கிளம்ப வேண்டும். ஆனால் இரண்டு மணிக்குள் பக்கத்து ரயில்வே கோட்டத்திடம் எத்தனை கூட்ஸ் கையளித்தோம் என்று ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு எண்ணிக்கை உண்டு. அன்று ஒன்று குறைந்தது. சீஃப் கண்ட்ரோலர் பின்னால் வந்து நின்று, "எத்தனை ஆச்சு அஷ்ரஃபே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். கூட்ஸை முன்னால் விடு என்று அவர் சொல்லவில்லை.

அஷ்ரஃப் மனதுக்குள் கணக்குப் போட்டார். கூட்ஸை இப்போதே விட்டால் இருபத்தைந்து நிமிடத்தில் அடுத்த ஸ்டேஷனான நெல்லிமேட்டுக்குப் போய்விடும். பாசஞ்சர் அங்கே ஒரு இருபது நிமிடம் நிற்கும், பெரிய விஷயமில்லை. கூட்ஸுக்கு வழி கொடுத்தார்.

பாதை அங்கே மேடு. மழையில் தண்டவாளம் வழுக்கியது. பாதி வழியில் என்ஜினின் சக்கரம் ஒரே இடத்தில் சுற்ற, உர வண்டி நின்றுவிட்டது. டிரைவர் மணலைத் தூவி நகர்த்திப் பார்ப்பார், கொஞ்ச தூரம் போகும், மறுபடி நிற்கும்.

பதினொன்றே முக்காலுக்குப் பாசஞ்சர் நெல்லிமேட்டில் வந்து நின்றது. அங்கே அன்று ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கற்பகம். வேலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

"சார், கூட்ஸ் எப்பங்க வரும்? இங்க ஒரு பொண்ணு வந்து நிக்குதுங்க. ஒண்ணரைக்குப் பாலக்காட்டுல கவர்மெண்ட் வேலைக்குப் பி.எஸ்.சி. பரீட்சையாமுங்க. வண்டி நேரமாகும்னா எறங்கி பஸ்ஸுக்குப் போயிருவேங்குது."

"பத்து நிமிஷம்னு சொல்லீருங்க."

டிரைவரிடமிருந்து தகவல் வந்திருந்தது. வண்டி மேட்டில் திணறுகிறது என்று அஷ்ரஃபுக்குத் தெரியும். ஆனாலும் பத்து நிமிஷம் என்றுதான் வாயில் வந்தது. அந்த அறையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வண்டி தாமதமென்று ஒப்புக்கொண்டால் ஏன் என்ற கேள்வி வரும். பத்து நிமிஷம் என்றால் கேள்வி நின்றுவிடும்.

பன்னிரண்டு மணிக்குக் கற்பகம் மறுபடி கூப்பிட்டாள். "அந்தப் பொண்ணு கையில ஹால் டிக்கெட்டோட வாசல்லயே நிக்குதுங்க சார். மெயின் ரோட்டுக்கு ரெண்டு கிலோமீட்டருங்க, ஆட்டோ ஒண்ணு நிக்குது. நான் என்ன சொல்லட்டுங்க?"

"வண்டி கிட்டத்துல வந்துருச்சு. பத்து நிமிஷம்."

பன்னிரண்டே காலுக்கு மூன்றாவது தடவை. இம்முறை கற்பகத்தின் குரலில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை. அஷ்ரஃபும் எரிச்சலோடு அதே பதிலைச் சொன்னார்.

உர வண்டி நெல்லிமேட்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. பாசஞ்சர் ஒன்று ஐந்துக்குக் கிளம்பி, ஒன்று நாற்பதுக்குப் பாலக்காடு சேர்ந்தது. கூட்ஸும் இரண்டு மணிக்குள் பக்கத்துக் கோட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது குறைந்தபடியே நின்றது.

பாசஞ்சர் எண்பது நிமிடம் நின்றதற்கு ரிஜிஸ்தரில் காரணம் எழுத வேண்டும். கூட்ஸுக்காக நிறுத்தினேன் என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள். அஷ்ரஃப் நெல்லிமேட்டைக் கூப்பிட்டார்.

"கற்பகம், சிக்னல் கொஞ்ச நேரம் விழலைன்னு போட்டுருங்க. நானும் அப்படியே எழுதிக்கறேன்."

"ஏனுங்க சார், எங்க சிக்னல் நல்லாத்தானுங்க இருந்துச்சு?"

"மழைதானே. போடுங்க."

 "சரிங்க" என்றாள் கற்பகம்.

சிக்னல் கோளாறு என்று எழுதினால் அந்தச் சிக்னலைப் பராமரிப்பவனைக் கேட்பார்கள். நெல்லிமேட்டுப் பகுதியைப் பார்த்துக்கொண்டவன் ரமேஷ்குமார். திங்கட்கிழமை அவனுக்கு மெமோ போனது. கோளாறே இல்லை, பதிவுகளை எடுத்துப் பாருங்கள் என்று அவன் பதில் கொடுத்தான். ஒரு பாசஞ்சருக்காக யாரும் பதிவுகளைத் தோண்டவில்லை. இனிமேல் கவனமாக இருக்கவும் என்று எச்சரித்துக் காகிதத்தை மூடினார்கள். அஷ்ரஃபின் காதுக்கு இது வந்தது. சின்ன எச்சரிக்கைதானே என்று விட்டுவிட்டார்.

பதினாறு நாள் கழித்து, வேலை முடிந்து வெளியே வரும்போது, ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்துக்கு மேல் வயதிருக்கும். தோளில் துணிப்பை, கையில் பிளாஸ்டிக் உறை. கிளார்க்கிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். கிளார்க் அஷ்ரஃபைப் பார்த்ததும், "இதோ, அன்னிக்கு கண்ட்ரோல்ல இருந்தது இவருதான். இவருகிட்டயே கேளுங்க" என்று கைகாட்டிவிட்டார்.

"சார், என் பேரு சிவசங்கரி. தேவிகுளத்துலேர்ந்து வாரேன். அன்னைக்கு பாசஞ்சர் லேட்டுன்னு ஒரு சர்ட்டிபிகேட் வேணும் சார். பி.எஸ்.சி.க்கு மனு போட்டிருக்கேன். தமிழும் மலையாளமும் தெரிஞ்சவுகளுக்கான கிளார்க் வேலை. வயசு தாண்டிருச்சு, இதுதான் கடைசி. பரீட்சை நடந்த ஸ்கூல் கேட்டுக்குப் போனப்ப ரெண்டு மணியாயிருச்சு சார். உள்ள விடல."

 "உக்காருங்கம்மா" என்றார் அஷ்ரஃப். உட்கார அங்கே நாற்காலி இல்லை.

"எதுனால லேட்டுன்னு எழுதுவீங்க சார்?"

"சிக்னல் கோளாறு."

"மழைக்குக் கெட்டுத்தான போகும்" என்றாள் அவள், அவரைச் சமாதானப்படுத்துவதுபோல. "எங்க எஸ்டேட்டுல மழை பேஞ்சா மூணு நாளைக்குக் கரண்டே இருக்காது. அந்த ஸ்டேஷன் மாஸ்டரம்மாவும் பாவம், நல்லவுக. பத்து நிமிஷத்துல போயிரும், பத்து நிமிஷத்துல போயிரும்னு ஆறுதலாச் சொல்லிக்கிட்டே இருந்தாக. ஒரு மணி நேரம் ஆகும்னு தெரிஞ்சிருந்தா எறங்கி ஓடியிருப்பேன். ஆட்டோகூட நின்னுச்சு சார். அவுகளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

சர்ட்டிபிகேட் தயாரானது. நேரம் சரி, காரணம் பொய். அஷ்ரஃபே உள்ளே போய் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவந்து கொடுத்தார். "ரொம்ப உபகாரம் சார்" என்று கும்பிட்டு, காகிதத்தை ஹால் டிக்கெட்டோடு சேர்த்து உறைக்குள் வைத்தாள். அன்றே உடுமலைப்பேட்டை போய் மூணாறு பஸ் பிடிக்க வேண்டும் என்று வேகமாகப் படியிறங்கினாள். அவள் கும்பிட்ட கைகளைத்தான் அஷ்ரஃபால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் போக்கே மாறிப்போனது. சோற்றில் கைவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். காலேஜில் படிக்கும் மகள் இர்ஃபானா, "அத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, பைக்குல விடறீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டால்கூடப் பதறி எழுந்திருப்பார். மனைவி சபியா ஒரு வாரம் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கிளம்பாமல் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவரிடம் போய் நின்றாள்.

"ஏங்க, என்னதான் ஆச்சு உங்களுக்கு?"

அஷ்ரஃப் முழுவதையும் சொன்னார். சபியா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கூட்ஸை முன்னாடி விட்டது ஒரு கணக்குத் தப்பு. அதை விடுங்க. அந்தப் பொண்ணு எறங்கட்டுமான்னு கேட்டுச்சுல்ல? எறங்குன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"தெரியல சபியா. சொல்லியிருந்தா லேட்டுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு..."

"அதுக்காகவா?"

அவர் கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தார்.

"அந்த சிக்னல்காரருக்கு மெமோ வந்துச்சுன்னீங்களே, அது?"

"அதுவும் என்னாலதான்."

"அப்பத் தொழுதுட்டு வந்து அழுதா மட்டும் போதுமா? அல்லாஹ்வுக்குச் செஞ்ச குறையை அல்லாஹ்கிட்டக் கேக்கலாம். மனுஷருக்குச் செஞ்சதை அவங்ககிட்டப் போயித்தானே கேக்கணும்?"

திங்கட்கிழமை அஷ்ரஃப் அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். பாசஞ்சரை நிறுத்திக் கூட்ஸை விட்டது தன் முடிவு, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, கற்பகத்தைத் தப்பாக எழுதச் சொன்னதும் தான்தான், ரமேஷ்குமாரின் மேல் பிழையில்லை. சீஃப் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"யாரும் கேக்கலையே அஷ்ரஃபே. மூடின காகிதத்தை எதுக்கு நீயே திறக்கற?"

"நான் மூடினதுதானே சார்."

விசாரணை மூன்று மாதம் நடந்தது. அஷ்ரஃபின் பதவி உயர்வு தள்ளிப்போனது. ரமேஷ்குமாரின் எச்சரிக்கை ரத்தானது. கற்பகத்துக்குக் கண்டிப்போடு முடிந்தது. சொன்னதைச் செய்தவளுக்கு அதுவும் அதிகம் என்று அஷ்ரஃபுக்குப் பட்டது. அவளிடம் போனில் மன்னிப்புக் கேட்டபோது, "அன்னைக்கே எனக்கு மனசு ஒப்பலைங்க சார். அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்து மூணு தடவ பொய் சொன்னது நானுங்க. நீங்க பாக்கவே இல்லீங்களே" என்றாள். ரமேஷ்குமார் போனை எடுக்கவேயில்லை.

திருத்திய சர்ட்டிபிகேட்டைத் தபாலில் அனுப்பலாம் என்றார் கிளார்க். அஷ்ரஃப் கையில் வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக மூணாறு போய், அங்கிருந்து ஜீப்பில் தேவிகுளத்தில் இறங்கினார். சர்ட்டிபிகேட் கேட்டு அவள் எழுதிக் கொடுத்திருந்த தாளில் இருந்த முகவரியை வைத்து, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த லயத்தைத் தேடிப் பிடித்தார். தோட்டத் தொழிலாளர்களின் வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி இருந்தன. வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் சிவசங்கரி கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரை அடையாளம் கண்டு எழுந்தாள்.

"சார்! இவ்வளவு தூரம்... உள்ள வாங்க. அம்மா, ரயில்வே சார் வந்திருக்காக."

அவள் அம்மா மாரித்தாய் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்து பார்த்து, பால் விடாத கட்டன் சாயா போட உள்ளே போனாள். அஷ்ரஃப் உட்காரவில்லை. பிள்ளைகளைச் சற்றுத் தள்ளிப் போகச் சொல்லும்படி அவளிடம் கேட்டுக்கொண்டு, நின்றபடியே சொன்னார். உர வண்டி, மேடு, எண்ணிக்கை எல்லாம் சொன்னார். கடைசியாக, "அந்தப் பத்து நிமிஷம் ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னதில்லம்மா. நான் சொல்லச் சொன்னது. ஆகாதுன்னு தெரிஞ்சே சொன்னேன். ஆட்டோ நிக்குதுன்னும் எனக்குத் தெரியும்" என்றார்.

சிவசங்கரி தேயிலைச் சரிவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மூணு தடவை கேட்டேன்" என்றாள். "மூணாவது தடவை கேக்கப் போறப்ப எனக்கே கூச்சமா இருந்துச்சு. அவுகளைத் தொந்தரவு பண்ணுதோமேன்னு."

"என்னை மன்னிச்சிருங்கம்மா."

"என்ன சார் சொல்ல நான்? மன்னிச்சேன்னு சொன்னா நீங்க நிம்மதியா பஸ் ஏறிருவீக. நான் இங்கதான இருக்கணும்?" அவள் குரல் உயரவில்லை. "பத்து வருஷம் படிச்சேன். காலைல கொழுந்து பறிச்சுட்டு வந்து, சாயங்காலம் படிச்சேன். அந்த ஒரு நாளைக்காக. நெஜத்தச் சொன்னீக, சரி. அதுக்கு மேல இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியல."

அஷ்ரஃப் தலையாட்டினார். திருத்திய சர்ட்டிபிகேட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டாள், பிரித்துப் பார்க்கவில்லை.

பி.எஸ்.சி.க்கு அவள் போட்ட மனு பலிக்கவில்லை. வராதவர்களுக்கு மறுபரீட்சை வைக்க விதியில்லை என்று நாலு வரிப் பதில் வந்தது. சிவசங்கரி இப்போது சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். இதை அஷ்ரஃபிடம் அவள் சொல்லவில்லை. ஒரு தடவை அந்த ரிசார்ட்டில் தங்கிவிட்டு வந்த ஆபீஸ் நண்பர் பெயரைச் சொன்னதில் தெரியவந்தது. அஷ்ரஃப் இன்னும் அதே அறையில்தான் வேலை பார்க்கிறார். வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளச் சபியா சொல்லிப் பார்த்தாள். அங்கே உட்கார்ந்தால்தான் தன்னைத் தானே கண்காணிக்க முடியும் என்பதுபோல் எதையோ சொல்லி மறுத்துவிட்டார்.

ஆனால் அவர் சபியாவிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அன்று லயத்திலிருந்து கிளம்பியபோது, மாரித்தாய் சாயா டம்ளரோடு பின்னால் ஓடிவந்தாள். மகளும் அவரும் பேசியது எதுவும் அவள் காதில் விழுந்திருக்கவில்லை. குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நிறுத்தி, ஜீப் வரும்வரை அவரோடு ரோட்டோரம் நின்றாள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

"அய்யா, கோவிச்சுக்காதீக. எம் மக நல்லாப் படிச்சவ. ரெண்டு பாஷையும் எழுதுவா. ரயில்வேயில உங்களுக்குச் செல்வாக்கு இருக்குமே, அவளுக்கு ஒரு வேலைக்குச் சொல்லி விடக்கூடாதா?"

அஷ்ரஃப் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வளைவில் ஜீப்பின் விளக்கு தெரிந்தது. கையைக் காட்டி நிறுத்தி, ஏறிக்கொண்டார்.